பின் ஆக்சிலில் 'டொக்' சத்தம்: டிஃபரன்ஷியலைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

வாசகர் ஒருவர் 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறார். ஸ்போக் வீல், ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ். முதல் கியரில் கிளட்சை விடும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி அழுத்தினால் அதே சத்தம். ரிவர்ஸ் போட்டால் இன்னும் பலமாக வருகிறது. பள்ளம் மேடுகளில் 'லொட லொட' என்று வேறொன்றும் கேட்கிறது என்கிறார். எட்டு மாதம் முன்பு புரொப்பல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) இரண்டு யூனிவர்சல் ஜாயிண்டுகளையும் (தண்டு கோணம் மாறிச் சுழல விடும் மூட்டுகள்) மாற்றியிருக்கிறார், சத்தம் குறையவில்லை. ஒரு மெக்கானிக், "டிஃபரன்ஷியல் போய்விட்டது, ஆக்சிலை முழுசாக மாற்றுங்கள்" என்கிறார். (டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்சிலின் நடுவில் இருந்து சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி.) இன்னொருவர் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் சக்தியைக் கொண்டுபோகும் சின்னப் பற்சக்கரம்) நட்டை இறுக்கி, கெட்டியான எண்ணெய் ஊற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் ஒரே கோளாறாக நினைத்து எழுதியிருந்தாலும் கடிதத்தில் இரண்டு சத்தங்கள் இருக்கின்றன. கிளட்சை விடும்போதும் ஆக்சிலரேட்டரில் காலை மாற்றும்போதும் வருவது, இழுவிசை திசை மாறுவதால் வருவது. பள்ளத்தில் வருவது சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டது. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, சத்தம் டிஃபரன்ஷியல் பக்கமிருந்து கேட்கிறது என்பதால் கோளாறும் அங்கேதான் என்று முடிவு கட்ட வேண்டாம். பின் ஆக்சில் என்பது உள்ளே காலியான எஃகுக் குழாய். வலது வீல் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) தட்டினாலும் ஓசை குழாய் வழியாக ஓடி, நடுவிலுள்ள பெரிய ஹவுசிங்கில் வந்துதான் ஒலிக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்பவருக்கு எல்லாம் டிஃபரன்ஷியலாகவே தோன்றும்.

கியர்பாக்ஸிலிருந்து டயர் வரை சக்தி எத்தனை இடங்களில் கை மாறுகிறது என்று பாருங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டின் நகரும் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இணைப்பு), இரண்டு யூனிவர்சல் ஜாயிண்டுகள், பினியனும் அது சுழற்றும் பெரிய கிரௌன் வீலும், டிஃபரன்ஷியலின் சின்னப் பற்சக்கரங்கள், ஆக்சில் ஷாஃப்ட் ஸ்ப்ளைன்கள், கடைசியில் ஸ்போக் வீல் ஹப்பில் உட்காரும் ஸ்ப்ளைன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அத்தனையும் கூடி ஒரே நொடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் முட்டுவதுதான் நீங்கள் கேட்கும் 'டொக்'. ஆகவே எந்த இணைப்பில் எவ்வளவு ஆட்டம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு பாகமும் வாங்காதீர்கள். யூனிவர்சல் ஜாயிண்டை மாற்றியும் பலன் இல்லாமல் போனது இதனால்தான்.

தொடங்கும் முன்

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் சுத்தியல் எல்லாம் வெளியே வரட்டும். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அவற்றைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் பள்ளத்தில் அதுவே லொட லொட என்று ஆடும். சைலன்ஸர் குழாயைக் கையால் ஆட்டி, ஆக்சில் மீதோ தரைத்தகட்டின் மீதோ இடிக்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேர வேலைதான்.

வண்டியைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கிவிட்டால் வண்டியை நிறுத்திவைக்க அது உதவாது. அதனால் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டாண்டை ஆக்சில் குழாயின் கீழ் கொடுங்கள். அப்போதுதான் வண்டியின் பாரம் ஸ்பிரிங் மீது இருக்கும், ஜாயிண்டுகளும் ஓடும்போது இருக்கும் கோணத்திலேயே இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

முதல் சந்தேகம் ஸ்போக் வீல் மீது

உங்கள் இரு மெக்கானிக்குகளும் இதைப் பேசவே இல்லை. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போல்ட் போட்ட வீலைப் போல் அல்லாமல், ஸ்போக் வீல் ஹப்பின் பற்களில் செருகி உட்காருகிறது. நடுவிலுள்ள ஸ்பின்னர் அதைக் கூம்பின் மீது அழுத்திப் பிடிக்கிறது. ஸ்பின்னர் சற்றுத் தளர்ந்திருந்தாலும், கிரீஸ் இல்லாமல் ஓடியிருந்தாலும், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பிரேக் போடும்போதும் வீல் ஹப்பின் மீது துளி நகர்ந்து பற்களைத் தின்றுவிடும்.

சோதனை இப்படி. பின் வீல் ஒன்று தரையிலிருந்து விடுபட்டிருக்கட்டும். ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்துவிடுங்கள், ஹப் பூட்டிக்கொள்ளும். ஸ்பின்னரை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள், ஏனென்றால் இறுகிய ஸ்பின்னர் தேய்மானத்தை மறைத்துவிடும். ஸ்போக்குகளுக்கு நடுவே பிரேக் டிரம் தெரியும். டிரம்மில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேராக வீலின் நடுப்பகுதியில் ஒரு கோடு போடுங்கள். டயரை 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து முன்னும் பின்னும் சுழற்றிப் பாருங்கள். டிரம் கோடும் வீல் கோடும் சேர்ந்து நகர்ந்தால் அது பிரேக் ஷூ தன் இடத்தில் கொஞ்சம் அசைவது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். டிரம் நிற்க, வீல் மட்டும் விலகினால் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது. ஸ்ப்ளைனில் உள்ள ஆட்டம் டயரின் ஓரத்தில் ஏறத்தாழ பத்து மடங்காகத் தெரியும்; அரை மில்லிமீட்டர் இடைவெளி அங்கே சுமார் 5 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

பிறகு வீலைக் கழற்றிப் பற்களைப் பாருங்கள். பழைய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்ல பல்லின் உச்சி தட்டையாக, சின்ன மேடை போல இருக்கும். தேய்ந்த பல் கத்தி முனை போல் கூராகி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பற்களின் அடியில் செங்காவி நிறத்தில் தூள் இருந்தால், உலோகத்தோடு உலோகம் உரசி வந்த துரு அது. சுட்டுவிரல் நகத்தைப் பல்லின் பக்கவாட்டில் ஓட்டுங்கள். படி தட்டினால் வீல் உட்கார்ந்த இடம்வரை தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பற்கள் மழுங்கி ஹப் வீலுக்குள் சுற்ற ஆரம்பித்தால் இழுவிசை போகும் என்பது மட்டுமல்ல. பின் பிரேக் டிரம் ஹப்போடு சேர்ந்தது. வீல் ஹப்பிலிருந்து விடுபட்டுவிட்டால் அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது, ஹேண்ட்பிரேக்கும் கிடையாது. டிஃபரன்ஷியல் சத்தத்தோடு எத்தனையோ வண்டிகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. இந்தத் தேய்மானத்தோடு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

மாற்றும்போது வீலையும் ஹப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ஹப்பில் புது வீலை மாட்டினால் புது வீலின் பற்களையும் சீக்கிரமே அது அழித்துவிடும். இடது ஹப்பை வலது பக்கம் மாட்டிவிடக் கூடாது. வண்டியின் இடது பக்கத்து மரை சாதாரண வலச்சுற்று, வலது பக்கத்து மரை இடச்சுற்று. இரு பக்கமும், வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசையில் திருப்பினால் ஸ்பின்னர் தளரும். பக்கம் மாறினால் ஓட ஓட அது தானாகக் கழன்றுவிடும்.

கழற்றிய கையோடு ஸ்போக்குகளையும் பாருங்கள். ஒரு ஸ்பானரால் ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிப் போனால் எல்லாம் கிணுகிணுவென்று ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த ஸ்போக்.

வீல் வெளியே இருக்கும்போதே ஹப்பின் நடுவிலுள்ள பெரிய நட்டின் இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள். உங்கள் ஆண்டு வண்டியில் உள்ளது குழாய் வகை ஆக்சில். பின்புறம் போல்ட் போட்ட மூடி இருப்பதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம். அதில் இந்த நட்டுக்கு 150 பவுண்டு-அடி, அதாவது சுமார் 203 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். ஸ்ப்ளிட் பின் துளை நேராகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். ஒருபோதும் தளர்த்தி நேராக்கக் கூடாது. இந்த நட் தளர்ந்தால் ஹப் ஆக்சில் ஷாஃப்டின் மீது ஆடி, அதே 'டொக்' சத்தத்தையே தரும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்

ஜாயிண்ட் புதிது என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால், மாற்றிய விதத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ஃபிளாஞ்சுகளில் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான விளிம்பு) நான்கு நான்காக எட்டு போல்ட் இருக்கும். எட்டையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் மற்றவையும் துளைக்குள் அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஜாயிண்டின் நான்கு கிண்ணங்களிலும் சர்க்ளிப் (பூட்டும் கம்பி வளையம்) அதன் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஷாஃப்டை ஒரு கையாலும் ஃபிளாஞ்சை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஜாயிண்டில் கைக்குத் தெரியும் ஆட்டம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. நகரும் ஸ்ப்ளைனில் மிகச் சிறிது இருக்கலாம்.

டிஃபரன்ஷியலில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்

பலரும் பயந்துபோகும் இடம் இது. ஹேண்ட்பிரேக் இழுத்து இரு ஹப்பும் பூட்டியிருக்க, கியரை நியூட்ரலில் வைத்து, பினியன் ஃபிளாஞ்சைக் கையால் திருகினால் கணிசமாக அசையும். உடனே "போயிற்று" என்று எண்ண வேண்டாம். எம்ஜிபியின் பின் ஆக்சில் விகிதம் 3.909; பினியனில் தெரியும் ஆட்டம் சக்கரத்தில் நான்கில் ஒரு பங்குதான். ஃபிளாஞ்சில் 20 பாகை என்றால் சக்கரத்தில் ஏறத்தாழ 5 பாகை. ஒரு சக்கரத்தைத் தரையில் வைத்து, கியரைப் போட்டு, தூக்கிய சக்கரத்தை மட்டும் ஆட்டிப் பார்த்து, "இவ்வளவு ஆடுகிறது" என்று காட்டுவதும் வழக்கம். அந்த நிலையில் கிரௌன் வீலின் ஆட்டம் இரட்டித்துத் தெரியும், கியர்பாக்ஸின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காட்சியை வைத்து ஆக்சிலை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

சத்தத்தின் தன்மையே பாதி விடை சொல்லும். கிரௌனும் பினியனும் தேய்ந்திருந்தால் ஓடும்போது ஊளை போல நீண்ட இரைச்சல் வரும். இழுக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. உங்கள் கடிதத்தில் இரைச்சல் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரைச்சல் இல்லாமல் 'டொக்' மட்டும் வந்தால், டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் உள்ள திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்க அதிக வாய்ப்பு. இரண்டு பெரிய, இரண்டு சிறிய பற்சக்கரங்களுக்கு முதுகில் ஒன்றாக மொத்தம் நான்கு. ஃபைபரிலும் செம்பிலும் செய்தவை. தேய்ந்து மெலியும், ஃபைபர் உடைந்தும் போகும். வாஷர் போன இடைவெளியில் பற்சக்கரம் பின்வாங்கி, பற்கள் ஆழமாகச் சேராமல் ஆட்டம் கூடிவிடும்.

எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். செம்பு மினுமினுப்பும் பழுப்புத் துணுக்குகளும் வாஷரின் அடையாளம். விரலில் நெறநெறக்கும் எஃகுத் துகள் வந்தால் பேரிங் அல்லது பற்கள் சேதப்பட்டிருக்கின்றன. அப்போது மட்டும்தான் முழு வேலையைப் பற்றிப் பேச வேண்டும்.

நல்ல செய்தி, குழாய் வகை ஆக்சிலில் இந்த வாஷர்களை வண்டியிலேயே மாற்றலாம். பின் மூடியைத் திறந்து, இரு ஆக்சில் ஷாஃப்டுகளையும் வெளியே இழுத்து, குறுக்கு ஊசியைப் பூட்டும் சின்னப் பின்னைத் தட்டி எடுத்து, ஊசியை உருவினால் சிறிய பற்சக்கரங்களை உருட்டி வெளியே கொண்டுவரலாம். பிறகு பெரியவையும் வரும். கிரௌன் வீலின் பேரிங்கைத் தொடுவதே இல்லை. அதனால் ஹவுசிங்கை விரிக்கும் தனிக் கருவியும் வேண்டாம், பல் சேர்க்கையை மறுபடி அமைக்கவும் வேண்டாம். குறுக்கு ஊசியில் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். புது கேஸ்கட் வைத்து மூடி, நிரப்பும் துளையின் மட்டம்வரை ஹைப்பாய்ட் ஈபி 90 எண்ணெய் ஊற்றுங்கள், சுமார் 0.85 லிட்டர் பிடிக்கும்.

இதை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் பற்சக்கரத்தின் முதுகு கூட்டையே அரிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு வாஷர் மட்டும் போதாது.

பினியன் நட்டும் கெட்டி எண்ணெயும்

பினியன் நட்டை இறுக்க விடாதீர்கள். உங்கள் வகை ஆக்சிலில் அந்த நட்டின் கீழே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. நட்டை இறுக்கினால் அது மேலும் நசுங்கும், பினியன் பேரிங்குகள் மீது அளவுக்கு மீறிய அழுத்தம் விழும், பேரிங் சூடாகி நாசமாகும். நசுங்கிய ஸ்பேசர் திரும்ப எழாது. நட்டைத் தளர்த்தினாலும் பழைய நிலை வராது. பற்களுக்கு இடையிலுள்ள ஆட்டத்தை இந்த நட் குறைப்பதும் இல்லை. பினியன் ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டும்போது அசைவு தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அதற்கு மருந்து பேரிங்தான்.

கெட்டி எண்ணெய் சத்தத்தைச் சில நாள் அமுக்கும், இடைவெளியை நிரப்பாது. தேய்மானம் நடந்துகொண்டே இருக்கும், உங்களுக்குக் கேட்காது.

பள்ளத்தில் வரும் லொட லொட

முதலில் யூ போல்டுகள். நான் சொன்ன பொதுக் காரணம் இதுதான். லீஃப் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தாலோ, இடையிலுள்ள ரப்பர் பேட் கரைந்தாலோ, கிளட்ச் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு 'டொக்' என்கும், பள்ளத்திலும் அடிக்கும். நட்டுகளைச் சுற்றிப் பளபளப்பான உரசல் கோடோ துருக்கறையோ இருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கின் முன் போல்டிலிருந்து ஆக்சில் குழாய்வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். தூரம் வேறுபட்டால் ஸ்பிரிங்கின் நடு போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம்.

ஸ்பிரிங்கின் முன் கண்ணிலும் பின் ஷாக்கிளிலும் (பின்முனையைத் தாங்கும் ஆடும் இணைப்பு) கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பினால் அங்குள்ள ரப்பர் புஷ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புதிய புஷ் போட்டால் வண்டி நாலு சக்கரத்திலும் நின்று பாரம் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரின் கீழ் இணைப்பைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் நெம்புகோல் கையை மெதுவாக மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள். எதிர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் பிடியே இல்லாமல் நழுவினால் எண்ணெய் குறைந்திருக்கிறது. நிரப்பியும் சரியாகாவிட்டால் ஷாக் அப்சார்பரையே மாற்ற வேண்டும். அதை பாடியோடு பிடிக்கும் இரண்டு போல்டுகளையும், ஆக்சில் கீழே அளவுக்கு மேல் தொங்காமல் தடுக்கும் ரப்பர் பட்டைகளையும் பார்த்துவிடுங்கள்.

ஆக்சிலை முழுசாக மாற்றுவது பற்றி

இதைக் கடைசி வழியாக வையுங்கள். எஃகுத் துகள், ஊளை, பினியன் அசைவு, இவற்றில் ஒன்றாவது இருந்தால் மட்டுமே யோசியுங்கள். அப்படி வாங்க நேர்ந்தால் ஸ்போக் வீல் வண்டிக்கான ஆக்சில்தானா என்று அளந்து உறுதி செய்யுங்கள். போல்ட் வீல் வண்டியின் ஆக்சில் அகலம் கூடியது; அதில் ஸ்போக் வீல் ஹப்பை மாட்டினால் டயர் வெளியே தள்ளி மட்கார்டில் உரசும். 'புதுப்பித்தது' என்று விற்பவரிடம் வாஷரும் பேரிங்கும் மாற்றப்பட்டதா, பெயிண்ட் மட்டும் அடிக்கப்பட்டதா என்று கேளுங்கள். என்னென்ன மாற்றினார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: ரிவர்ஸில் சத்தம் அதிகம் என்கிறீர்கள். எஞ்சின் சும்மா ஓடும் வேகம் அதிகமாக இருந்தாலும், கியர்பாக்ஸின் பின் ரப்பர் தாங்கி இளகியிருந்தாலும், நியாயமான ஆட்டம்கூடப் பெரிய சத்தமாக மாறும். கார்புரேட்டரைச் சரி செய்யும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வரிசை இதுதான்: இன்றே வீல் ஸ்ப்ளைன், அது சரியென்று தெரியும்வரை வண்டி நிற்கட்டும். அடுத்து ஃபிளாஞ்ச் போல்டுகளும் யூ போல்டுகளும். அதற்குப் பிறகு எண்ணெயை வடித்துப் பாருங்கள். வீலைத் திரும்ப மாட்டும்போது ஸ்ப்ளைனிலும் கூம்பிலும் மரையிலும் கிரீஸ் பூசி, டயர் தரையைத் தொடாத நிலையில் ஸ்பின்னரை இறுக்குங்கள். காது வைத்த ஸ்பின்னர் என்றால் செம்பு அல்லது ஈயச் சுத்தியல். எண்கோண நட் என்றால் அதற்குரிய ஸ்பானர். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் வீல் கூம்பின் மீது நன்றாக உட்கார்ந்து, ஸ்பின்னர் இன்னும் கொஞ்சம் திரும்புவது வழக்கம்.